மறந்துபோன இரண்டு தலையான பாவங்கள்



தலையான பாவங்கள் எத்தனை என்று ஞானோபதேசம் படிக்கும் ஒரு சிறு பிள்ளையைக் கேளுங்கள். ஏழு என்று உடனே பதில் வரும். ஆங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தும் விடும். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும் நாம் என்ன சொல்லுகிறோம்? கோபம் வந்தது என்கிறோம், பொய் சொன்னேன் என்கிறோம், பூசை தவறினேன் என்கிறோம். போசனப்பிரியத்தையும் சோம்பலையும் சொல்லி அழுகிறவர்கள் எத்தனை பேர்? இவ்விரண்டும் பாவங்கள் என்பதையே நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். நாம் மறந்தாலும் நம் சரீரம் மறக்கவில்லை. அது கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது.

நம் ஊரையே பாருங்கள். பாலக்கரையிலோ, பொன்மலையிலோ, உறையூரிலோ, ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்திலோ ஏதாவது ஒரு தெருவில் நின்று வீட்டுக்கு வீடு விசாரியுங்கள். மாத்திரை டப்பா இல்லாத வீடு அபூர்வம். ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்கு இரத்த அழுத்தம், இன்னொருவருக்கு இருதயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசம் முழுவதும் நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். வாசற்படியில் நிற்பவர்களுக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. ஆகவே அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. இன்றைய பிரசங்கம் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை விலக்கி விடுவோம். வியாதியாய் இருப்பவர்களெல்லாம் பாவத்தினால் தண்டிக்கப்பட்டவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவஞ் செய்தானோ, இவனைப் பெற்றவர்கள் பாவஞ் செய்தார்களோ என்று கேட்டபோது, சேசுநாதர் சுவாமி இரண்டையும் மறுத்து அவர்கள் வாயை அடைத்தார். சர்க்கரை வியாதி பரம்பரையாகவும் வருகிறது. மட்டாய் உண்டு, நன்றாய் உழைத்தவர்களுக்கும் வருகிறது. சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை நீரிழிவுக்கு அவர்கள் சாப்பாடு காரணமே அல்ல. ஆதலால் நோயாளியைப் பார்த்து விரல் நீட்டுகிறவன் பிறர்சிநேகத்துக்கு விரோதமாய்ப் பாவஞ் செய்கிறான். நான் கேட்பது வேறு கேள்வி. தடுக்கக் கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு, “எல்லாம் சர்வேசுரன் சித்தம்” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

கொலை செய்யாதிருப்பாயாக என்ற ஐந்தாம் கற்பனை பிறர் உயிரை மட்டும் காப்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. நம் சொந்த உயிரும் நமக்குச் சொந்தமல்ல. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, நமது சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று படிப்பிக்கிறார். கோவில் சுவரில் சிறு வெடிப்பு கண்டால் பங்கு முழுவதும் கூடி நிதி திரட்டுகிறோம். உயிருள்ள ஆலயத்தில் வெடிப்பு விழும்போது மட்டும் பாராமுகமாய் இருப்பது என்ன நியாயம்?

இப்போது போசனப்பிரியத்தைப் பார்ப்போம். அதிகம் தின்பதுதான் போசனப்பிரியம் என்று பலர் நினைக்கிறார்கள். 604-ம் ஆண்டில் மரித்த பாப்பரசர் அர்ச். பெரிய கிரகோரியார் அதை ஐந்து விதமாய்ப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நேரத்துக்கு முன்னே உண்பது, விலையுயர்ந்ததையே தேடி உண்பது, அளவு மிஞ்சி உண்பது, ஆவலோடு விழுங்குவது, ருசிக்காகவே பக்குவம் பார்த்துப் பார்த்து உண்பது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தப் பட்டியலை இன்று கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் சாப்பாட்டைச் சோதித்துப் பாருங்கள்.

நேரத்துக்கு முன்னே: காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வடை, சாயங்காலம் பஜ்ஜி, இராத்திரி டெலிவிஷன் பெட்டிக்கு முன்னே ஒரு பொட்டலம் மிக்சர். பசி வருமுன்னே வாய் கேட்கிறது. காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் 32 கிராம். நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறார்கள் வைத்தியர்கள். அப்படியானால் காப்பியிலேயே கணக்குத் தாண்டிவிட்டது.

விலையுயர்ந்தது: வாரம் தவறாமல் ஓட்டல் பிரியாணி வாங்கினால்தான் கௌரவம், கூழ் குடித்தால் கேவலம் என்று எண்ணுவது. நம் பாட்டன்மார் துறையூர், முசிறிப் பக்கத்துப் புன்செய்க் காடுகளில் விளைந்த சோளமும் கம்பும் தின்று வாழ்ந்தார்கள். 2023-ம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பிறகுதான், நாம் ஏழைச் சாப்பாடு என்று தள்ளியதன் மதிப்பு பலருக்குத் தெரிந்தது.

அளவு மிஞ்சியது: இங்கேதான் நம் காவேரிக்கரை ஜனங்கள் கவனிக்க வேண்டும். மண்ணச்சநல்லூர் ஆலைகளில் தீட்டிய வெள்ளைப் பொன்னியரிசிச் சோறு தட்டில் மலைபோல் குவிகிறது. ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், ஆசாரத்துக்கு வைத்தது போல் இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தலைகீழாக்கச் சொல்லுகிறது. தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும். தானியத்திலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 45 சதவீதத்துக்கு மேல் போகலாகாது. மீதியைப் பருப்பும், பயறும், மீனும், முட்டையும், பாலும் நிரப்ப வேண்டும்.

ஆவலோடு விழுங்குவது: வயிறு நிரம்பிய செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்தச் செய்தி சேருமுன்னே நாம் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டு செபம் நிதானமாய்ச் சொல்லி, பிள்ளைகளோடு பேசிக்கொண்டு மென்று தின்னுகிறவன் தானாகவே குறைவாய்த் தின்கிறான்.

ருசிக்காகவே உண்பது: உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவற்றில் உள்ளதும் அந்தக் கணக்கில்தான் சேரும். உப்பு மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்த அழுத்தம் ஏறினால் இருதயமும், மூளையும், சிறுநீரகமும் அடிபடுகின்றன. மணப்பாறை முறுக்கைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருநாளுக்குத் தின்பதை தினந்தோறும் தின்னாதேயுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். தினந்தோறும் திருநாளானால் பிறகு திருநாள் எது?

இது ஏன் வியாதியாகிறது என்று கேட்பீர்கள். தீட்டிய அரிசியும் மைதாவும் வயிற்றில் சீக்கிரமாய்ச் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடம்பின் தசைகளுக்குள் அனுப்புவதற்குக் கணையம் இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினுக்குத் தசைகள் கீழ்ப்படிவதில்லை. கணையம் இன்னும் அதிகம் சுரந்து பார்க்கிறது. வருஷக்கணக்காய் அடிபட்ட மாடு போல ஒரு நாள் படுத்துவிடுகிறது. இந்தியர்களாகிய நமக்கு இது மற்றத் தேசத்தாரைவிட இளம் வயதிலும், குறைந்த எடையிலும் வருகிறது. “நான் ஒல்லிதானே” என்று யாரும் நிச்சிந்தையாய் இருக்க வேண்டாம். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

இனி இரண்டாவது பாவமாகிய சோம்பலைப் பார்ப்போம். சோம்பல் என்பது முதன்மையாய் ஞானக் காரியங்களில் வரும் அசட்டை என்று வேதசாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். அது உண்மையே. ஆனால் எழுந்திருக்க மனமில்லாத சரீரத்தில் சுறுசுறுப்பான ஆத்துமம் நெடுநாள் குடியிருப்பதில்லை. காலைப் பூசைக்கு எழும்ப முடியாதவனும், காலையில் நடக்க எழும்ப முடியாதவனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

லண்டன் மாநகரத்து மாடி பஸ்களைப்பற்றி 1953-ம் ஆண்டில் மாரிஸ் என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி, இரண்டு தொழிலாளிகள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்கியபடி, நாளுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். நம் மலைக்கோட்டை உச்சிக்குத் தினமும் ஏறுவதற்குக் குறையாத வேலை அது. கண்டக்டர்களுக்கு இருதய வியாதி டிரைவர்களைவிட ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. உட்கார்ந்தே இருப்பது உயிரைக் குடிக்கும் என்று உலகத்துக்கு முதன்முதலில் கணக்கோடு காட்டிய ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று.

இங்கிலாந்து வரைக்கும் போவானேன்? நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரனும் அவரைச் சேர்ந்தவர்களும், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 2006-ல் வெளியாயிற்று. சிலருக்குச் சாதாரண ஆலோசனை மட்டுமே. மூன்று ஆண்டுகளில் அவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. வேறு சிலரைத் தினம் அரைமணி நேரமாவது வேகமாய் நடக்கச் சொல்லி, சர்க்கரையை நிறுத்தி, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவை உண்ணச் செய்தார்கள். அவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இவ்வளவே. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நடந்தவர்களுக்கு உடல் எடை பெரிதாய்க் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. “இத்தனை நாள் நடந்தும் இளைக்கவில்லையே” என்று மனந்தளருகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

பாருங்கள், நடந்தவர்கள் அத்தனை பேரும் தப்பவில்லை. 100-க்கு 39 பேருக்கு வியாதி வந்துதான் இருக்கிறது. அதனால்தான் நோயாளியைப் பழிக்காதே என்று முதலிலேயே சொன்னேன். ஆனாலும் 100 பேரில் 16 குடும்பங்கள் அந்த ஆண்டுகளில் தப்பின. அந்தப் பதினாறில் ஒன்று உங்கள் குடும்பமாய் இருந்தால் அது சின்னக் காரியமா? சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்ட ஒரு தகப்பன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தம் சுத்தப்படுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவரோடு மகனின் படிப்பும், மகளின் கலியாணமும், மனைவியின் தாலிக்கொடியும் சேர்ந்தே போகின்றன. வீட்டைக் காப்பதற்காக உழைக்கிறேன் என்று சொல்லித் தன் உடம்பைக் கவனியாமல் விட்டவன், கடைசியில் அந்த வீட்டையே விற்க வைக்கிறான்.

வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் வேகமான நடை போதும். மலைக்கோட்டை அடிவாரத்துத் தெப்பக்குளத்தைச் சுற்றியோ, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிகளிலோ, வண்டிகள் பெருகுமுன்னே விடியற்காலையில் நடக்கலாம். 2023 நவம்பர் 4-ந் தேதி நம் அரசாங்கம் தொடங்கிய “நடப்போம் நலம் பெறுவோம்” திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று குறிக்கப்பட்டது. இந்துக்களும், முகமதியரும், கிறிஸ்தவர்களும் ஒரே பாதையில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி நடப்பது நல்ல காட்சியல்லவா?

நடை நமக்குப் புதியதல்ல. தேவமாதா மலைநாட்டு வழியே நடந்துபோய் எலிசபெத்தம்மாளைச் சந்தித்தார்கள். உயிர்த்த ஆண்டவர் எம்மாவுஸ் வழியில் இரண்டு சீஷர்களோடு நடந்துகொண்டேதான் வேதவாக்கியங்களை விளக்கினார். நம்மவர்களும் ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் நடக்கிறார்கள். மாதாவுக்காக 150 கிலோமீட்டர் நடக்கிற கால், மறுவாரம் தெருக்கோடிக் கடைக்குப் போக மோட்டார் சைக்கிளைத் தேடுவானேன்?

வேளாங்கண்ணி என்றதும் ஒரு எச்சரிக்கை. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும், தார் ரோடு சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. அந்தச் சிறு புண் ஆறாமல், கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிறது. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ச்சை செய்ய வேண்டாம். செய்திருந்தால் உங்கள் பங்குச் சுவாமியாரைக் கண்டு வேறு நேர்ச்சையாக மாற்றிக்கொள்ளுங்கள். மிருதுவான செருப்பு அணிந்து நடங்கள். இராத்திரி பாதத்தைப் பார்த்துக் கழுவித் துடையுங்கள். தேவமாதா நம் இருதயத்தைப் பார்க்கிறார்கள், செருப்பைப் பார்ப்பதில்லை. அதுபோலவே, நடக்கும்போது மார்பு இறுக்கிப் பிடித்தால் செபமாலை முடியட்டும் என்று காத்திராமல் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருசந்தி, சுத்தபோசனம் என்று திருச்சபை நமக்குக் கற்பித்ததும் வீணல்ல. அவை சரீரத்தைப் பகைப்பதற்கல்ல, சரீரம் எஜமானாகாமல் இருப்பதற்கு. போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியமாகிய மட்டசனத்தைப் பழக்கும் பள்ளிக்கூடம் அவை. லெசியுஸ் என்ற சேசுசபைக் குருவானவர் 1613-லேயே, மட்டாய் உண்பதால் சரீரமும் புத்தியும் செபமும் எவ்வளவு நன்மை அடைகின்றன என்று ஒரு தனிப் புத்தகமே எழுதினார். மதுரை மிஷனில் உழைத்த தத்துவ போதகர் சுவாமி, சோறும் மரக்கறியும் பாலும் நாளுக்கு ஒரே வேளை உண்டு, நெடுங்காலம் இத்தேசத்தில் வேதம் போதித்தார். ஆனால் ஒருசந்தி இருந்துவிட்டு இராத்திரி இரண்டு பங்காகத் தின்பவன் திருச்சபையையும் ஏமாற்றவில்லை, வயிற்றையும் ஏமாற்றவில்லை. தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். சர்க்கரைக்கு மாத்திரை தின்பவர்களும், இன்சுலின் ஊசி போடுபவர்களும் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கலாகாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமும் மரணமும் வரக்கூடும். வியாதிக்காரர்களை ஒருசந்திக் கடமை கட்டாது.

சிலர் சொல்லும் சாக்குகளையும் கேட்போம். “அர்ச். சின்னப்பரே தேகாப்பியாசத்தால் பிரயோசனம் கொஞ்சம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினாரே” என்பார் ஒருவர். பக்தியோடு ஒப்பிட்டுத்தான் அவர் கொஞ்சம் என்றார்; ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. “வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்றும் அவரே எழுதினாரே” என்பார் மற்றொருவர். அந்தக் கொஞ்சம் என்ற வார்த்தையை மட்டும் அவர் கண் காண்பதில்லை! “ஏழைகள் நாங்கள், ஆப்பிள் வாங்க எங்கே போவது?” என்பது மூன்றாவது சாக்கு. ஆப்பிள் யார் கேட்டது? கொய்யாவும், பப்பாளியும், கொல்லையில் நிற்கும் முருங்கைக் கீரையும், காந்தி மார்க்கெட்டில் அந்தந்தப் பருவத்தில் மலிவாய் விற்கும் காயும் போதும். அந்த மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் சகோதரனைப் பார்த்து “நடந்து போ” என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு நடை போதும். நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுப்பது அவனை வேலை வாங்குகிறவர்களின் கடமை.

வீட்டுத் தலைவர்களே, இன்னொன்று. எல்லோரும் தின்றபின் மீந்ததைத் தின்று, அடுப்படியை விட்டு வெளியே வராத உங்கள் மனைவிக்கும் தாய்க்கும் சரீரம் உண்டு. சாயங்காலம் அரைமணி நேரம் அவர்கள் வெளியே நடந்து வரும்படி, அந்த அரைமணி நேரம் பாத்திரத்தை நீங்கள் துலக்குங்கள். அது ஒருசந்தியைவிடக் குறைந்த தபசு அல்ல.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரத்தில் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, முப்பது வயது கடந்தவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-க்கு மேலோ, இரத்த அழுத்தம் 140-க்கு 90-க்கு மேலோ இருந்தால் வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதேயுங்கள். இரண்டாவது, தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்குங்கள். மூன்றாவது, நாளுக்கு அரைமணி நேரம் நடங்கள். தனியே நடந்தால் செபமாலை சொல்லிக்கொண்டும், இருவராய் நடந்தால் பழைய மனஸ்தாபம் ஒன்றைத் தீர்த்துக்கொண்டும் நடங்கள்.

தானியேல் தீர்க்கதரிசியும் அவர் தோழர்களும் இராஜ போஜனத்தை வேண்டாமென்று தள்ளி, மரக்கறியும் தண்ணீருமாய்ப் பத்து நாள் இருந்து பார்த்தார்கள். பத்தாம் நாளில் அவர்கள் முகம் மற்றவர்களைவிடத் தெளிவாய் இருந்தது என்று வேதாகமம் சாட்சி சொல்லுகிறது. நீங்களும் பத்து நாள் இருந்து பாருங்கள். பதினோராம் நாள் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று யாரும் உங்களுக்குப் பிரசங்கம் பண்ண வேண்டியிராது. வாழ்வதற்கு நமக்கு வருஷங்களைக் கொடுக்கிற சர்வேசுரன், அவற்றை அவருடைய ஊழியத்திலும் நம் பிள்ளைகளின் பராமரிப்பிலும் செலவழிக்கத் திடத்தையும் தந்தருள்வாராக. ஆமென்.